ஏழு மணி கரண்ட்: மலையக மின் நிலையங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை, கொத்மலை பக்கம் இருப்பவர்கள் நாட்டின் பெரிய நீர்மின் நிலையங்களுக்கு நடுவே குடியிருக்கிறோம். அணை தெரிகிறது, குழாய் தெரிகிறது, மலைமேல் ஓடும் கம்பிகள் தெரிகின்றன. ஆனால் இந்த நிலையங்கள் எப்போது ஓடும், எப்போது நிற்கும், ஏன் அப்படி என்பதை யாரும் நமக்கு விளக்கிச் சொன்னதில்லை. இந்த நீர்த்தேக்கங்களுக்காக ஊரையும் மலையையும் கோயிலையும் விட்டுக்கொடுத்த மக்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். டீக்கடையிலும் பஸ்ஸிலும் பள்ளிக்கூடத்திலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

காசல்ரீயும் மவுசாகலையும் நிரம்பி வழியும்போதுகூட நம் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஏன் கரண்ட் போகிறது?

பெரும்பாலும் அதற்கும் நீர்த்தேக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. தென்மேற்குப் பருவமழையில் காற்று அடித்து, சவுக்கு மரமோ யூகலிப்டஸ் மரமோ கம்பியில் சாய்ந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் கரண்ட் நின்றுவிடும். பக்கத்துத் தோட்டத்தில் வெளிச்சம் இருக்கும், நமக்கு இருக்காது. அது விநியோகக் கம்பியின் கோளாறு.

நாடு முழுவதற்கும் நேர அட்டவணை போட்டு வெட்டுவது வேறு விஷயம். நீர்த்தேக்கம் நிரம்பியிருந்தாலும் அந்த நிலை வரலாம். நாட்டின் பெரிய நீர்மின் நிலையங்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓட்டினாலும் சுமார் 1,500 மெகாவாட்தான் கிடைக்கும். இரவு உச்ச நேரத் தேவையோ அண்மை ஆண்டுகளில் 2,800 மெகாவாட்டை ஒட்டி நிற்கிறது. மீதியை நிலக்கரியும் எண்ணெயும் காற்றும் தந்தாக வேண்டும். அவற்றில் பெரியது ஒன்று நின்றால், மவுசாகலை எவ்வளவு ததும்பினாலும் ஈடுகட்ட முடியாது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும். நீர்த்தேக்கத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது ஒரு கணக்கு. அதை ஒரு நொடியில் எவ்வளவு மின்சாரமாக மாற்றலாம் என்பது இன்னொரு கணக்கு. முதலாவதை யூனிட்டில் சொல்கிறோம், இரண்டாவதை மெகாவாட்டில். மாலை ஏழு மணிக்கு இந்த இரண்டாவது கணக்குதான் உதைக்கும்.

ஒரு நாளில் மின் தேவை எப்படி ஏறி இறங்குகிறது?

நள்ளிரவுக்குப் பிறகு மிகக் குறைவு. அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கு உச்ச நேரத் தேவையின் பாதியை ஒட்டி வந்துவிடும். நாலரை, ஐந்து மணிக்குமேல் அடுப்படி விளக்குகள் எரியத் தொடங்கும்போது ஒரு சின்ன மேடு எழும். பகலில் அலுவலகம், தொழிற்சாலை, குளிரூட்டிகள் என்று ஓரளவு உயரத்தில் நிற்கும். மாலை ஆறு மணிக்குமேல் சட்டென்று ஏறி, ஏழு முதல் ஒன்பதுக்குள் உச்சத்தைத் தொட்டு, பத்தரை மணியளவில் சரியத் தொடங்கும்.

அந்த மாலை மேடு வீடுகளால் வருவது. பெரட்டுக்களம் முதல் கொழுந்து நிறுவை வரை பகல் முழுக்க வெளியில் நின்றவர்களும், கொழும்பில் அலுவலகம் முடிந்து வீடு திரும்பியவர்களும், டியூஷன் முடிந்த பிள்ளைகளும் ஒரே இரண்டு மணி நேரத்தில் விளக்கு, தொலைக்காட்சி, ரைஸ் குக்கர், அயன் என்று போடுகிறார்கள். ஒரு வீட்டுக்கு அது அற்பம். நாடு முழுவதும் சேர்ந்தால் பல நூறு மெகாவாட்.

ஞாயிற்றுக்கிழமையும் போயா தினமும் புத்தாண்டு விடுமுறையும் வேறு மாதிரி. தொழிற்சாலைகள் மூடியிருப்பதால் பகல் தேவை நன்றாகத் தாழ்ந்துவிடும். குறைந்த தேவையால் சிக்கல் வராது என்று தோன்றும். வரும். கூரைச் சூரிய மின்சாரம் பற்றிய கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

இரவில் மிஞ்சும் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து மாலையில் கொடுத்தால் என்ன?

மின்சாரத்தை மின்சாரமாகவே பெரிய அளவில் சேர்த்து வைக்க முடியாது. பேட்டரிகள் இப்போதுதான் வலையமைப்புக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. அவை போதிய அளவு வரும்வரை, ஒவ்வொரு நொடியும் நாடு எடுப்பதும் நிலையங்கள் கொடுப்பதும் சமமாக இருந்தாக வேண்டும்.

சமமாக இருக்கிறதா என்று காட்டுவது அதிர்வெண். இலங்கையில் அது 50 ஹேர்ட்ஸ். தேவை கூடினால் சுழலும் இயந்திரங்களின் வேகம் தளர்ந்து அதிர்வெண் இறங்கும். தேவை குறைந்தால் வேகம் கூடி ஏறும். கினிகத்தேனை ஏற்றத்தில் பஸ் திணறும்போது சாரதி மிதிக்கிறார், இறக்கத்தில் காலை எடுக்கிறார். விக்டோரியா போன்ற நீர்மின் நிலையத்தில் அந்த வேலையை ஒரு கருவி தானாகவே செய்துகொண்டிருக்கிறது. நீங்கள் கெட்டிலைப் போட்டதும் எங்கோ ஒரு சுழலியின் வாயில் மயிரிழை அளவு கூடத் திறக்கிறது.

வேறொன்றையும் மறக்கக்கூடாது. இலங்கை ஒரு தனித் தீவு வலையமைப்பு. இந்தியாவோடு கடலடிக் கம்பி இணைப்பு பற்றிப் பல வருடமாகப் பேச்சு நடக்கிறது, இன்னும் இணைக்கப்படவில்லை. ஐரோப்பிய நாடு ஒன்றுக்குக் குறை வந்தால் பக்கத்து நாட்டிலிருந்து எடுக்கலாம். நமக்கு அந்த வழி இல்லை. குறையை நாமேதான் நிரப்ப வேண்டும்.

எந்த நிலையம் எப்போது ஓடவேண்டும் என்று யார் முடிவெடுக்கிறார்கள்?

தேசிய முறைமைக் கட்டுப்பாட்டு நிலையம். நாளைய தேவையை இன்றே மதிப்பிட்டு, எந்த இயந்திரம் எத்தனை மணிக்கு எழவேண்டும், எவ்வளவு சுமை தாங்கவேண்டும் என்று அட்டவணை போடுவார்கள். அப்புறம் நாள் முழுக்க அதைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள்.

பொது விதி எளியது: ஓட்டச் செலவு குறைந்தது முதலில், கூடியது கடைசியில். ஆனால் இயந்திரங்களுக்குத் தனித்தனிக் குணம் உண்டு. நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தில் 300 மெகாவாட் அலகுகள் மூன்று. முதலாவது 2011இல் வந்தது, மற்ற இரண்டும் 2014இல். நிலக்கரிக் கொதிகலன் சூடேற மணிக்கணக்கில் எடுக்கும். முழுக்க ஆறிப்போனால் அதைவிட நேரமாகும். ஒரு அளவுக்குக் கீழே சுமையை இறக்கவும் முடியாது. அதனால் இரவும் பகலும் அதை ஒரே சீராக ஓட்டுகிறார்கள். கொழும்புக் களனிதிஸ்ஸவின் எண்ணெய் எரிக்கும் சுழலிகள் நேர்மாறானவை. சில நிமிடங்களில் எழும்பிவிடும், ஆனால் குடிக்கும் எண்ணெய்க்குக் காசு பறக்கும். அவை உச்ச நேரத்துக்கும் ஆபத்துக்கும்.

நீர்மின் நிலையம் இந்த இரண்டின் நல்ல பக்கங்களையும் சேர்த்து வைத்திருக்கிறது. நின்ற நிலையிலிருந்து சில நிமிடங்களில் முழுச் சுமைக்கு வரும், எரிபொருள் செலவும் இல்லை. ஆனால் தண்ணீர் அளவோடுதான் உண்டு. அதை எந்த மணிக்குச் செலவழிப்பது என்பதுதான் மலையகத்து நிலையங்களை நடத்துபவர்களின் அன்றாடக் கவலை.

லக்சபான நிலையங்களை ஏன் எல்லோரும் ஒரு தொகுதி என்று சொல்கிறார்கள்?

ஒன்றின் கழிவுநீர் அடுத்ததன் மூலநீர் என்பதால். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, அதனால் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

கெஹெல்கமு ஓயாவை மறித்து நிற்பது காசல்ரீ. அதன் தண்ணீர் 50 மெகாவாட் விமலசுரேந்திர நிலையத்தில் விழுந்து நோர்ட்டன் பிரிட்ஜ் குளத்துக்கு வருகிறது. அங்கிருந்து பழைய லக்சபானவுக்கு. மஸ்கெலியா ஓயாவை மறித்து நிற்பது மவுசாகலை. அதன் தண்ணீர் 60 மெகாவாட் கெனியன் நிலையத்தில் விழுந்து, கெனியன் குளம் வழியாகப் புதிய லக்சபானவுக்குப் போகிறது. இரண்டு கிளைகளும் லக்சபானக் குளத்தில் சேர்ந்து பொல்பிட்டிய நிலையத்தில் மறுபடி விழுகின்றன. இப்போது அதற்கும் கீழே 35 மெகாவாட் புரோட்லன்ட்ஸ் இருக்கிறது. நோர்வூட் பக்கம் பெய்த மழைத்துளி ஒன்று களனி கங்கையாகக் கொழும்புக்குப் போவதற்குள் நான்கு முறை மின்சாரமாகிவிடும்.

மேலே இருக்கும் இரண்டும் பெரிய நீர்த்தேக்கங்கள், மாதக்கணக்கில் தாங்கும். நடுவில் உள்ள நோர்ட்டன், கெனியன், லக்சபானக் குளங்கள் சின்னவை, சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். மாலை உச்சத்துக்காக விமலசுரேந்திரவை முழு வேகத்தில் ஓட்டி, பழைய லக்சபானவை மெதுவாக ஓட்டினால் நோர்ட்டன் குளம் வழிந்துவிடும். வழிந்த தண்ணீர் வீண். மாறாகக் கீழே வேகமாகவும் மேலே மெதுவாகவும் ஓட்டினால் குளம் வற்றி, உச்ச நேரத்தின் நடுவில் இயந்திரம் நிற்கவேண்டி வரும். ஆகவே ஐந்து ஆறு நிலையங்களையும் ஒரே தாளத்தில் ஓட்டவேண்டும். ஒன்று பழுதுபார்ப்புக்காக நின்றால் மற்ற எல்லாவற்றின் அட்டவணையும் மாறும்.

இந்த நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே ஆய்வுரை படித்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. பழைய லக்சபான இயங்கத் தொடங்கியது 1950இல். திட்டமிடுபவருக்கும் விளக்கெரிவதற்கும் இடையே எத்தனை காலம் ஓடுகிறது பாருங்கள். மின் நிலையத் திட்டமிடலின் மிகப் பெரிய சிரமமே அதுதான். இன்றைய தேவைக்கு இன்று கட்ட முடியாது.

மேல் கொத்மலை நிலையத்தின் 150 மெகாவாட்டுக்கு ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா?

நாள் முழுக்க ஓட்டும் அளவுக்கு இல்லை. அதைத் தெரிந்துதான் அப்படிக் கட்டினார்கள்.

தலவாக்கலையில் உள்ள அணை 35.5 மீற்றர் உயரம். அதன் பின்னால் பயன்படுத்தக்கூடிய தண்ணீர் சுமார் 8 இலட்சம் கன மீற்றர்தான். அணையிலிருந்து மலையைக் குடைந்து ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கம் போகிறது. நியம்கம்தொரவில் நிலத்தடியில் நிலையம் இருக்கிறது. விழும் உயரம் 473 மீற்றர். அந்த உயரத்திலிருந்து 1,000 லீற்றர் தண்ணீர் விழுந்தால் ஒரு யூனிட்டுக்குச் சற்று அதிகமாக மின்சாரம் கிடைக்கும்.

முழு வேகத்தில் நொடிக்கு 36.9 கன மீற்றர் தண்ணீர் வேண்டும். 8 இலட்சத்தை அதால் வகுத்துப் பாருங்கள்: சுமார் ஆறு மணி நேரம். மாலை ஆறரை முதல் பத்தரை வரை உள்ள உச்ச நேரத்தைத் தாங்கி, கொஞ்சம் மிச்சமும் இருக்கும் அளவு. பகலில் ஆறு குளத்தை நிரப்பும், மாலையில் இயந்திரம் அதைக் காலி செய்யும்.

இன்னொரு வழியிலும் இதைப் பார்க்கலாம். 150 மெகாவாட் இயந்திரம் வருடம் முழுக்க நிற்காமல் ஓடினால் 131 கோடி யூனிட் வரவேண்டும். மேல் கொத்மலையிலிருந்து வருடத்துக்கு எதிர்பார்க்கப்பட்டது 40.9 கோடி யூனிட். மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. இதைக் கேட்டு "அப்போ திட்டம் தோல்வியா?" என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. அது உச்ச நேரத்துக்காகவே பெரிதாகக் கட்டப்பட்ட இயந்திரம். யூனிட் எண்ணிக்கையை மட்டும் வைத்து நீர்மின் நிலையத்தை மதிப்பிடுவது சரியல்ல.

அதற்காகக் கொடுத்த விலையும் உண்டு. செயின்ட் கிளேயர் நீர்வீழ்ச்சி முன்போல் இல்லை. பகலில் குறிப்பிட்ட அளவு தண்ணீரை விட்டே ஆகவேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கிடைத்தது. தலவாக்கலையில் லயங்களும் கடைகளும் இடம் மாறின. ஏழு மணி உச்சத்துக்காக மலையகம் கொடுத்தவற்றின் பட்டியலில் இதையும் சேர்த்துத்தான் எண்ணவேண்டும்.

மழைக்காலத்தில் மட்டும் ஏன் லக்சபான இயந்திரங்கள் விடிய விடிய ஓடுகின்றன?

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டும். காசல்ரீ, மவுசாகலை, மேல் கொத்மலை எல்லாம் நிரம்பும். அப்போது தண்ணீரைப் பிடித்து வைத்துப் பயனில்லை, வான்கதவு வழியாகப் போய்விடும். அதனால் உச்ச நேர நிலையங்களாக இருந்தவை அந்த மாதங்களில் நாள் முழுக்க ஓடும். நுரைச்சோலையில் ஓர் அலகை நிறுத்தி வருடாந்தப் பழுதுபார்ப்பைச் செய்யவும் பெரும்பாலும் அந்தக் காலத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

சனவரிக்குப் பிறகு கதை மாறும். மேற்குச் சரிவில் மழை ஓய்ந்துவிடும். மார்ச், ஏப்ரலில் வெயிலும் ஏறும், கொழும்பின் குளிரூட்டிகளும் மின்விசிறிகளும் முழு மூச்சில் ஓடும். தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும்போதுதான் தேவை மிக அதிகமாக இருக்கிறது. மவுசாகலை வற்றி, பழைய மஸ்கெலியா நகரின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியத் தொடங்கினால், முறைமைக் கட்டுப்பாட்டு நிலையத்தில் எண்ணெய்க் கணக்கு போடத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

மகாவலி நீர்த்தேக்கங்கள் பெரியவைதானே, அவற்றைத் திறந்தால் போதாதா?

விக்டோரியாவும் ரந்தெனிகலவும் மிகப் பெரியவை. விக்டோரியா 210 மெகாவாட், கொத்மலை 201 மெகாவாட். ஆனால் அந்தத் தண்ணீரில் மின்சாரத்துக்கு மட்டும் பாத்தியதை இல்லை. கீழே மகாவலி வலயங்களின் வயல்கள் இருக்கின்றன. யால போகத்துக்கு எவ்வளவு, மகா போகத்துக்கு எவ்வளவு என்று மகாவலி நீர் முகாமைத்துவச் செயலகம் மற்றத் தரப்புகளோடு கூடித் தீர்மானிக்கிறது. வயலுக்கு விடும் தண்ணீர் போகிற வழியில் மின்சாரம் தரும், அவ்வளவுதான். லக்சபான பக்கத்திலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. வறட்சியில் களனி கங்கை மெலிந்தால் கடல் உப்பு உள்ளே ஏறி அம்பத்தலைக் குடிநீரைக் கெடுக்கும். அதைத் தடுக்க மேலேயிருந்து தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கவேண்டும், மின்சாரம் தேவைப்பட்டாலும் படாவிட்டாலும்.

தோட்டத்து ஸ்டோர் எந்த நேரத்தில் அதிகம் இழுக்கிறது?

தேயிலை ஸ்டோரின், அதாவது தேயிலைத் தொழிற்சாலையின், ஓட்டம் வீட்டிலிருந்து வேறு. மாலையில் வந்த கொழுந்தை வாட்டுத் தொட்டிகளில் பரப்பி, விசிறிகளை இரவெல்லாம் ஓடவிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம், ஈரக் கொழுந்தாக இருந்தால் இன்னும் கூட. விடியலுக்கு முன்னே ரோலர்கள் எழும், அப்புறம் ட்ரையர், பிறகு சிப்டிங். வாட்டும் விசிறிகளின் வேலை பெரும்பகுதி நள்ளிரவுக்குப் பின் விழுவதால், நாடு தூங்கும் நேரத்தில் ஸ்டோர் இழுக்கிறது. வலையமைப்புக்கு அது நல்ல சுமை, அடிமட்டத்தை நிரப்புகிறது.

சிக்கல் மாலை ஆறரை முதல் பத்தரை வரை. தொழிற்சாலைக் கட்டணத்தில் நாள் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: பகல், உச்ச நேரம், இரவு. உச்ச நேர யூனிட்டுக்கு அதிக விலை. அதோடு மாதத்தில் எட்டிய மிக உயர்ந்த சுமைக்கும் தனியாகக் கட்டணம் உண்டு, மாதத்தில் ஒரு முறை மட்டுமே தொட்டிருந்தாலும். எல்லா ரோலரையும் ஒரே நேரத்தில் தட்டிவிடாமல் ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பச் சொல்வது இதற்காகத்தான். ஒவ்வொரு ஸ்டோரும் தன் உச்சத்தைக் குறைத்தால், அந்தப் பகுதியின் ட்ரான்ஸ்போமரும் கம்பியும் அந்த அளவுக்குப் பெரிதாக இருக்கத் தேவையில்லை.

பல தோட்டங்களில் ஓடையில் ஓடும் சிறு நீர்மின் நிலையங்கள் உண்டு. குளம் இல்லாததால் அவை தேவையைப் பார்த்து ஓடுவதில்லை, மழையைப் பார்த்து ஓடுகின்றன. திட்டமிடுபவர்கள் அவற்றை நம்பி உச்ச நேரக் கணக்குப் போடமாட்டார்கள்.

கூரையில் சூரிய மின்சாரம் இவ்வளவு வந்த பிறகும் ஏன் பிரச்சினை?

சூரிய மின்சாரம் யூனிட்டை நிறையத் தருகிறது, உச்ச நேரத்துக்கு ஒன்றும் தருவதில்லை. ஏழு மணிக்கு வெயில் கிடையாது. பகலில் தேவையை நன்றாகக் குறைத்துவிட்டு, ஐந்து மணிக்குமேல் அது விலகிக்கொள்ள, அதே நேரத்தில் வீடுகள் எழும்புகின்றன. அந்த ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் மற்ற நிலையங்கள் முன்பைவிட வேகமாக ஏறவேண்டியிருக்கிறது. அப்படி ஏறக்கூடியவை மலையகத்து நீர்மின் நிலையங்கள்தான். சூரிய மின்சாரம் பெருகப் பெருக மவுசாகலைத் தண்ணீரின் மதிப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

விடுமுறைப் பகல்தான் ஆபத்தான நேரம். தேவை தாழ்ந்து, சூரியன் உச்சியில் நிற்கும்போது, சுழலும் பெரிய இயந்திரங்களை நிறுத்தவேண்டி வரும். அவை குறைந்தால் ஒரு சின்ன அதிர்ச்சியைக்கூடத் தாங்கும் பலம் வலையமைப்புக்கு இருக்காது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அப்படித்தான் நடந்தது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. குரங்கு ஒரு காரணம் மட்டுமே. அன்று தேவை குறைவாக, சூரிய மின்சாரம் அதிகமாக, தாங்கிப்பிடிக்கும் இயந்திரங்கள் கொஞ்சமாக இருந்தன. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியத் தகடுகளைப் பிற்பகல் மூன்று மணிவரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை வேண்டுகோள் விடுத்தது.

கூரைத் தகடு போட்ட மக்களைக் குறைசொல்வது அநியாயம். பேட்டரியும் கட்டுப்பாட்டு வசதியும் தகடுகளோடு சேர்ந்தே வளர்ந்திருக்க வேண்டும்.

20 வருடத்துக்குப் பிறகு எவ்வளவு தேவைப்படும் என்று எப்படிக் கணிக்கிறார்கள்?

மின்சார சபை தயாரித்து வந்த நீண்டகால மின் உற்பத்தி விரிவாக்கத் திட்டம் 20 வருடங்களை முன்னோக்கிப் பார்ப்பது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருத்தப்படுவது. அதற்குப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அனுமதி தரவேண்டும். மக்கள்தொகை, பொருளாதார வளர்ச்சி, பழைய வருடங்களின் நுகர்வு எல்லாவற்றையும் வைத்து யூனிட்டையும் உச்சத்தையும் தனித்தனியே கணிப்பார்கள்.

அப்புறம் வருடத்தின் 8,760 மணி நேரத் தேவையையும் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிப் பார்ப்பார்கள். அந்த அடுக்கின் அடிப்பகுதி எந்நேரமும் தேவைப்படுவது. உச்சியில் உள்ள கடைசி நூறு இருநூறு மெகாவாட் வருடத்தில் கொஞ்ச நேரமே தேவைப்படுவது. அடிப்பகுதிக்குக் கட்டச் செலவு கூடினாலும் ஓட்டச் செலவு குறைந்த நிலையம் பொருந்தும். உச்சிக்குக் கட்ட மலிவான, ஓட்ட விலை கூடிய இயந்திரம் பொருந்தும், கொஞ்ச நேரம்தானே ஓடப்போகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே வகை நிலையம் கட்டினால் எந்தப் பக்கம் பார்த்தாலும் நட்டம்.

ஓர் இயந்திரம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதும் தேவையைப் பொறுத்ததே. அதிகாலையில் நாடு 1,300, 1,400 மெகாவாட் எடுக்கும்போது 300 மெகாவாட் அலகு ஒன்று திடீரென விழுந்தால், ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் ஒரு நொடியில் போய்விடுகிறது. அதிர்வெண் சரியும். சில பகுதிகளைத் தானாக வெட்டிவிடும் கருவிகள் உடனே வேலை செய்யும். முன்னறிவிப்பு இல்லாமல் பத்து நிமிடம், கால் மணி நேரம் கரண்ட் போய்த் திரும்பி வந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த நேரத்தில் முழு நாடும் விழாமல் காப்பாற்றப்பட்டிருக்கிறது.

கணக்கு சரியாக இருந்தும் 1996இலும் 2022இலும் ஏன் மணிக்கணக்கில் வெட்டினார்கள்?

இரண்டும் வெவ்வேறு நோய்கள். 1996இல் நாடு கிட்டத்தட்ட முழுக்க நீர்மின்சாரத்தை நம்பியிருந்தது. மழை பொய்த்தது, இயந்திரங்கள் நன்றாக இருந்தும் தண்ணீர் இல்லை. அதற்குப் பிறகுதான் எண்ணெய் நிலையங்கள் அவசரமாக வந்தன, விலை கூடிய மின்சாரமும் வந்தது. 2022இல் எண்ணெய் நிலையங்கள் இருந்தன, எண்ணெய் வாங்க டொலர் இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். மின் நிலையம் இருப்பது வேறு, தேவைப்படும் மணி நேரத்தில் அதை ஓட்டக்கூடியதாக இருப்பது வேறு.

இதற்காக அளவுக்கு மிஞ்சிக் கட்டிப் போடவும் முடியாது. வருடம் முழுக்கச் சும்மா நிற்கும் இயந்திரத்துக்கும் கடனும் வட்டியும் உண்டு, அது நம் கரண்ட் பில்லில்தான் ஏறும்.

உச்ச நேரத்துக்கு இனி என்ன கட்டப் போகிறார்கள்?

எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது விக்டோரியா விரிவாக்கம். 1980களில் அணையைக் கட்டும்போதே இன்னொரு தொகுதி இயந்திரங்களுக்கான நீர் உள்வாயிலையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். புதிய அணை வேண்டாம், யாருடைய ஊரையும் மூழ்கடிக்க வேண்டாம். தண்ணீர் அதே அளவுதான், அதனால் வருட யூனிட் பெரிதாகக் கூடாது. அதே தண்ணீரை மாலை நான்கு மணி நேரத்தில் வேகமாகச் செலவழிக்கலாம், அதுதான் லாபம்.

அடுத்தது, தண்ணீரை மேலேற்றிச் சேமிக்கும் நிலையம். மேலே ஒரு குளம், கீழே ஒரு குளம். மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே இறைப்பது, மாலையில் விழவிடுவது. அரநாயக்கப் பக்கம் மகா ஓயாவில் 600 மெகாவாட் அளவில் இது பல வருடமாக ஆராயப்பட்டு வருகிறது. முன்பு நள்ளிரவு நிலக்கரி மின்சாரத்தால் இறைக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். இப்போது நண்பகல் சூரிய மின்சாரத்தால் இறைக்கலாம். இறைக்கும்போது கொஞ்சம் நட்டம் உண்டு, போட்டது முழுதும் திரும்பி வராது. அப்படியிருந்தும் வீணாகப் போவதைவிட மேல்.

வீட்டில் நேரத்தை மாற்றினால் எனக்கு ஏதாவது மிச்சமாகுமா?

வழக்கமான வீட்டுக் கட்டணத்தில் யூனிட் படிகள் மட்டுமே உண்டு. ஏழு மணிக்கு அயன் போட்டாலும் பத்தரைக்குப் பிறகு போட்டாலும் உங்களுக்கு ஒரே காசு. நாட்டுக்குத்தான் வித்தியாசம். நேரப்படி கட்டணத்தை வீட்டுக்காரர்களும் விரும்பிக் கேட்டுப் பெறலாம். குறைவாகப் பாவிக்கும் லயத்து வீட்டுக்கு அது பெரும்பாலும் இலாபமாக வராது. வாகனம் சார்ஜ் செய்பவர்களுக்கும் பெரிய தண்ணீர் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கும் வரலாம். சேர்வதற்கு முன் உங்கள் மின்பட்டியலை வைத்துக் கணக்குப் பார்த்துவிடுங்கள்.

நாடு முழுவதும் இருண்டுபோனால் முதலில் எங்கிருந்து தொடங்குவார்கள்?

நீர்மின் நிலையங்களிலிருந்து. நுரைச்சோலை போன்ற நிலையங்களை எழுப்பவே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும், பம்புகளும் விசிறிகளும் ஓடினால்தான் கொதிகலன் எரியும். லக்சபான, விக்டோரியா போன்றவை சின்ன டீசல் இயந்திரம் ஒன்றின் உதவியோடு தாமாகவே எழும்பிவிடும். முதலில் பக்கத்துக் கம்பிகளுக்கு உயிர் கொடுத்து, ஒரு நகரத்தின் சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கொழும்புவரை வழிபோட்டு, அங்குள்ள நிலையங்களை எழுப்புவார்கள். ஒரேயடியாகப் பெரிய சுமையைப் போட்டால் மறுபடி விழும், அதனால்தான் ஊர் ஊராக வருகிறது. 2020 ஆகஸ்ட் 17இல் நாடு இருண்டபோது திரும்பவும் வெளிச்சம் வர சுமார் ஏழு மணி நேரம் ஆனது. நுரைச்சோலை வழமைக்குத் திரும்ப நாட்கணக்கானது. 2025 பெப்ரவரியிலும் அதே கதைதான். அந்த இடைவெளியை மூடத்தான் வெளிச்சம் வந்த பிறகும் சில நாள் மாலை மாலை வெட்டினார்கள்.